கனத்த துணிக்கு ஆகாத கணக்கு

12.7.06, புதன்

காலையிலிருந்து காற்று. ஆடி பிறக்குமுன்பே ஆரம்பித்துவிட்டது. மாடியில் காயப்போட்ட துப்பட்டா பக்கத்துக் கம்பெனிச் சுவரில்.

வயிறு எரிகிறது. அச்சடித்த பனியன் கியூரிங் மெஷினுக்குள் எத்தனை நொடி ஓடினால் மை வேகும் என்று நான் போட்ட கணக்கு. மேனேஜர் அதைத் தன் கணக்கென்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். நான் அங்கேயேதான் நிற்கிறேன், டீ டம்ளரோடு. முதலாளி: "நம்ம மேனேஜருக்கு மூளையப் பாருங்க!" இனி இந்த டைரியில் 'அவர்' கிடையாது. 'அவன்'தான்.

பெரிய வித்தையில்லை. பனியன் துணி மெல்லிசு. மேலேயும் உள்ளேயும் ஒரே சூடு என்று வைத்துக்கொண்டால் ஒரே சமன்பாட்டில் முடிந்தது. மெஷினுக்கும் துணிக்கும் சூட்டு வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகமாக ஏறும். ஆனால் அந்த 'வைத்துக்கொண்டால்' முக்கியம். அவனுக்கு அது தெரியாது.

ரூம்மேட் ஸ்டெல்லா, தூத்துக்குடிக்காரி, பனியனை மெஷினுக்குள் கொண்டுபோகும் பெல்ட் அவள் பொறுப்பு. "நாக்கப் பிடுங்குத மாதிரி நாலு கேள்வி கேளுட்டி" என்றாள். மாட்டேன். பொறுத்திருப்பேன்.

13.7, வியாழன்

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது! புது ஆர்டர், குளிர்நாட்டுக்கு. கனத்த துணி, நெஞ்சில் தடித்த மை. எல்லாம் இரண்டு மடங்கு கனம். அவன் என் கணக்கை வைத்து இரண்டு மடங்கு நேரம் போட்டான். தப்பு. இந்தக் கனத்தில் சூடு மேலிருந்து உள்ளே ஊர்ந்து போக வேண்டும். கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு வரை கேட்கும். இல்லாவிட்டால் அவசரப் பணியாரம்தான், மேலே சிவப்பு, உள்ளே மாவு.

துவைத்துப் பார்க்க ஒரு நாளாவது வேண்டும். முதலாளி: "திங்கக்கெழம ஆடி பொறக்குதுங்க. நாளைக்கு வெள்ளி, நல்ல நாளு. ஓட்டிப்போடுங்க." வாயைத் திறந்தேன். அவன்: "உனக்கென்னம்மா இதுல? போயி சாம்பிள மடிச்சு வை." மூடிக்கொண்டேன். சந்தோஷமாக.

14.7, வெள்ளி

சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். முதல் பீஸ் முருகன் படத்துக்கு. மை மேல் ஒட்டிய சூடு காட்டும் தாள் அழகாகக் கறுத்தது. மேலேதானே ஒட்டினான், மடையன். எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். இரண்டு தின்றேன்.

18.7, செவ்வாய்

சில பீஸை எடுத்துத் துவைத்தார்கள். மை பிளந்து உரிந்தது. அவன் உடனே என்னைக் காட்டினான்: "நானுங்களா? இந்தப் புள்ள போட்ட கணக்குங்க!"

"ஆமாங்க, என் கணக்குத்தான். மெல்லிசுத் துணிக்குப் போட்டதுங்க. கனத்துக்கு ஆகாதுன்னு அவருக்குத் தெரியலீங்க."

"உனக்குத் தெரியுமா கண்ணு?" என்றார் முதலாளி.

"தெரியுமுங்க. சொல்ல வந்தப்ப, உனக்கென்ன இதுலன்னு கேட்டாருங்க."

முதலாளி அவன் பக்கம் திரும்பினார். விழுந்த ஏச்சை எழுத இந்தப் பக்கம் போதாது. பஸ்ஸில் நினைத்து நினைத்துச் சிரித்தேன். சாயங்காலம் நான் கிளம்புமுன்பே பையைத் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான். ஒழிந்தான்.

22.7, சனி

சரக்கை வீணாக்க வேண்டாம் என்று வழி சொன்னேன். சூட்டைக் குறைத்து, பெல்ட்டை மெதுவாக்கி, மிச்சப் பீஸெல்லாம் மறுபடி மெஷினுக்குள். முதலாளி: "அந்தச் சீட்டுல நீயே உக்காரு கண்ணு." உட்கார்ந்தேன். சுழல் நாற்காலி, ஒரு சக்கரம் ஆட்டம்.

நாளை ஞாயிறு, எல்லோருக்கும் லீவு ரத்து. மெஷின் வாயில் நிற்க முடியாத அனல். வெந்து வரும் பீஸை வெறும் கையால் எடுத்து எடுத்து ஸ்டெல்லா விரலெல்லாம் கொப்புளம். ஸ்பூனால் சாப்பிட்டாள்.

"ரொம்ப எரியுதா?" என்றேன்.

"தெரிஞ்சேதான் சும்மா இருந்தியாமே. பழி வாங்குனது நீ. வேகுதது எங்க கைல்லா."

அவன் ஒழிந்ததில் இன்னும் சந்தோஷம்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: சோப்பு, தீப்புண் களிம்பு, பெல்ட்டில் நிற்கும் எல்லோருக்கும் துணிக் கையுறை.