நீலத் தாள் உரித்த ஜன்னல்

மார்ச் 6

ஊருக்கெல்லாம் சிஸ்டராக இருந்தாலும் எனக்கு மட்டும் அப்படி இல்லாத என் அன்புள்ளவளுக்கு,

இங்கே நானும் நம் வாலுப் பெண்ணும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வருகிறது, மகள் காதில் விழுகிறது, சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுங்கள் என்றாய். நர்ஸ் அம்மா சொன்ன மருந்து, மறுக்க முடியுமா? தையல் மெஷின் பலகையில் வைத்துத்தான் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பழி பலகையின் மேல்.

வேலையை விட்டுவிட்டு ஜூனில் மொத்தமாக வந்துவிடுகிறேன் என்று போன மாதம் சொன்னாயே, அன்றிலிருந்து வாலுக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினைந்து வயசுக்காரி, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், ஆனால் எனக்குத் தெரியாதா? வீட்டை ஒழுங்கு பண்ண வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. சரி என்று ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களில் கை வைத்தேன்.

நீ வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கிறதா? வீடு கட்டி முடித்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் ஜன்னல், அதன் சட்டத்தின் மேல் கடைக்காரன் ஒட்டி அனுப்பிய நீலத் தாள். "அதை உரிக்காதீங்க, நான் திரும்பி வந்ததும் உரிச்சுக்கலாம், அதுவரைக்கும் புதுசாவே இருக்கட்டும்" என்றாய். நாமும் டிவி ரிமோட்டுக்குக்கூட உறை போட்டு வைத்திருக்கிற குடும்பம், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வருஷம் என்று போனாய். ஏழு வருஷம் ஆகிவிட்டது.

நிழல் பக்கத்து ஜன்னலில் தாள் வெங்காயச் சருகு மாதிரி வந்துவிட்டது. வெயில் பக்கத்தில்தான் வம்பு. நகத்தளவு நகத்தளவாகப் பிய்கிறது. அடியில் பசை பழுப்பாக இறுகிக் கிடக்கிறது. தாள் மூடாத ஓரமெல்லாம் மஞ்சள். விடுவேனா? பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையும் சாம்பல் நிறத்துப் பவுடரையும் வைத்துத் தையல் அறை ஜன்னலை ஒரு பிடி பிடித்தேன். பசை போயிற்று. கூடவே பளபளப்பும் போயிற்று. இப்போது கீறலுக்குள் அழுக்கு போய் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்கிறது. பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண், "அண்ணே, இது என்ன கலரு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஒரு வழி சொல். ப்ளீச்சிங் பவுடர் போடலாமா? டிக்கெட் எந்தத் தேதிக்கு என்றும் எழுது. வாலு கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் வரவை மகளோடு எதிர்பார்க்கும்,
உன் தையற்காரன்

---

மார்ச் 19

என்னங்க,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். யாரைக் கேட்டு உரித்தீர்கள்?

இதை எழுதிவிட்டு ஒரு நாள் கழித்துத்தான் மேலே எழுதுகிறேன். கோபம் தணிந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் தாளுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று எனக்கே புரியவில்லை.

முதலில் அந்தக் கம்பி நாரைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், மஞ்சள் இன்னும் கூடும். நகப்பூச்சு அழிக்கிற திரவமும் வேண்டாம், அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். பசை இருக்கிற இடத்தில் சமையல் எண்ணெயைத் தடவி ஊற விடுங்கள். இளகியதும் பழைய பிளாஸ்டிக் கார்டு ஏதாவது ஒன்றால் வழியுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு கலந்து, உங்களிடம்தான் பஞ்சமில்லாமல் இருக்கிறதே, பனியன் துணியால் துடையுங்கள். அழுக்கு போகாவிட்டால் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி மெதுவாகத் தேயுங்கள். ஜன்னலுக்கு வலிக்காது என்பதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

இதற்கும் மசியாத மஞ்சள் வெயிலால் வந்தது. அது மேலே ஒட்டியது இல்லை, பிளாஸ்டிக்கே நிறம் மாறியது. அதற்குத் தலைமுடியை வெளுக்க அழகு நிலையத்தில் பூசுவார்களே, அந்தப் பெராக்சைடு கிரீம் வேண்டும். பிரஷ்ஷால் பூசி, சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் விடுங்கள். காயவிடக் கூடாது. கையுறை கட்டாயம். கண்ணில் பட்டால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதலில் யார் கண்ணிலும் படாத மூலையில் பூசிப் பாருங்கள். கீறல் விழுந்த ஜன்னலுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அது அப்படியேதான் இருக்கும்.

நான் நன்றாக இருக்கிறேன். எலும்பு முறிவு வார்டுதான் இன்னும். வியாழக்கிழமைகளில் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள். நாற்பத்திரண்டு வயசில் தண்ணீரில் மிதந்தேன், தெரியுமா? மல்லாந்து கிடந்தால் காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. ஓய்வு நாளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.

மகள் என்னோடு பேசும்போது "ம்", "சரிம்மா", இவ்வளவுதான். உங்களிடமாவது ஏதாவது சொல்கிறாளா? டிக்கெட் இன்னும் போடவில்லை.

அன்புடன்,
நான்

---

ஏப்ரல் 9

என் அன்புள்ள வைத்தியச்சிக்கு,

உன் வைத்தியம் பலித்துவிட்டது! அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிரீம் வாங்க எதிர்வரிசை அழகு நிலையத்துக்குப் போனேன். அந்த அம்மா என் தலையைப் பார்த்தார். அதில் வெளுக்க என்ன மிச்சம் இருக்கிறது? "யாருக்குங்க?" என்றார். "ஜன்னலுக்கு" என்றேன். உள்ளே தலைக்குத் துண்டு கட்டி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வயசில் பெண்டாட்டி வருகிறாள் என்றதும் மனுஷன் சாயம் பூசிக்கொள்ளப் பார்க்கிறான், கேட்டால் ஜன்னல் என்கிறான் என்று இந்நேரம் தெரு முழுக்கப் பரவியிருக்கும். பரவட்டும்.

எண்ணெய்க்குப் பசை விட்டுக்கொடுத்தது. சமையலறை ஜன்னலில் கிரீம் பூசி, மூடி, தாளுக்குள் காற்று புகாமல் தையல் அளவு நாடாவாலேயே சுற்றிக் கட்டினேன். நல்ல வெயில். மாலையில் பிரித்துக் கழுவினால், அடேயப்பா! கடையிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய நாள் மாதிரி வெள்ளை. பெரிய அறை ஜன்னலுக்கு மூன்று தடவை பூச வேண்டியிருந்தது. கதவு மூடும் இடத்திலுள்ள கறுப்பு ரப்பரில் படாமல் பூச, பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவன் கை போதாதா என்ன? சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளில் ஏழு வருஷத்து மண். ஊசியை விட்டு எடுத்தேன்.

வாலும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். பாதியில் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். போகிற போக்கில், "அப்பா, அம்மா வந்தா எங்க படுப்பாங்க?" என்று கேட்டாள். பார்த்தாயா, இப்போதே ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டாள்! "எங்கன்னா? பெரிய ரூம்ல" என்றேன். "அது என் ரூமாச்சே" என்றாள். அப்புறம், "சரி, நான் புத்தகத்தை மாத்திக்கிறேன்" என்றாள். தங்கமான பிள்ளை. உன் அலமாரியில் அவள் புத்தகங்களை வைத்திருந்தாள், அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டேன்.

தினமும் காலையில் டீ குடித்ததும் எல்லா ஜன்னல்களையும் ஈரத்துணியால் ஒரு சுற்றுத் துடைத்துவிடுகிறேன். விட்டால் மறுபடியும் மஞ்சள் ஏறிவிடும் என்று ஒரு பயம்.

டிக்கெட் போட்டாயா? தேதி தெரிந்தால் வாலு நிம்மதியாகப் பரீட்சை எழுதுவாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

என்றும் உன்,
தையற்காரன்

---

ஏப்ரல் 27

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டில் வைத்துப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கால் ஒடிந்து படுத்திருந்த கிழவர் என்ன விஷயம் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் ஜன்னலுக்குத் தலைச்சாயம் பூசியிருக்கிறார் என்றேன். அவரும் சிரித்தார், கால் வலிக்கிறது என்று திட்டவும் செய்தார்.

தினமும் துடைக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு தடவை சோப்புத் தண்ணீர் போதும். உங்களுக்கு முதுகு வலி வேறு.

புத்தகங்களை அவள் அலமாரியிலேயே வைக்கச் சொல்லுங்கள். அறையை மாற்ற வேண்டாம். அவசரம் ஒன்றும் இல்லை.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை நான்கு நாளாக வைத்திருக்கிறேன். வார்டுப் பொறுப்பை என்னிடம் தருவதாகச் சொல்கிறார்கள். இவ்வளவு வருஷத்தில் என்னை நம்பிக் கொடுக்கிற முதல் பெரிய பொறுப்பு. ஒரு வருஷமாவது இருக்க வேண்டும். அதனால் இந்த ஜூன் வேண்டாம், அடுத்த ஜூனில் பார்க்கலாம். நடுவில் லீவு கிடைத்தால் மூன்று வாரம் வருகிறேன்.

கோபப்படுவீர்கள் என்று தெரியும். மகளுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நான்

---

மே 14

அன்புள்ளவளுக்கு,

கடிதம் கிடைத்தது. பத்து நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

இரண்டு வருஷம் என்றாய், சரி என்றேன். இன்னும் இரண்டு என்றாய், அதற்கும் சரி என்றேன். கடன் முடியட்டும் என்றாய், முடிந்தது. ஒவ்வொரு தடவையும் நீ சொன்ன காரணம் நல்ல காரணம்தான். நான் ஒரு தடவைகூட மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. நடுவில் மூன்று முறை லீவில் வந்தாய். வந்த மறுநாளே, கரண்டி எங்கே இருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்தாய். உன் வீட்டில் நீ விருந்தாளியா? எனக்கு எவ்வளவு வலித்தது என்று உனக்குத் தெரியாது. இப்போது சொல்லிவிட்டேன்.

உனக்கு மூன்று வார லீவு கிடைத்தால் வருவாயாம். மூன்று வாரத்துக்கு நான் ஏன் ஜன்னலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டு இருந்தேன்? தெருவில் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? அழகு நிலையத்து அம்மா தினமும், "வீட்டம்மா எப்போங்க வர்றாங்க?" என்கிறார். நானும் வருகிறாள் வருகிறாள் என்று பல்லைக் காட்டுகிறேன்.

என்னை விடு. நான் பொறுத்துக்கொள்வேன், பழகிப்போன மனுஷன். குழந்தை எப்படித் தாங்குவாள்? உன்னை நம்பித்தானே அவள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்? பக்குவமாகச் சொல்லுங்கள் என்று சுலபமாக எழுதிவிட்டாய். என்னால் முடியாது. சொல்லவும் இல்லை. நீதான் சொல்ல வேண்டும், உன் வாயால் சொல்ல வேண்டும். இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். அவள் அழுதால் பக்கத்தில் நின்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

முடிந்தால் மனசை மாற்றிக்கொள். அப்படி மாற்றிக்கொண்டால் போனே செய்ய வேண்டாம், டிக்கெட் தேதியை மட்டும் எழுது. வாலு சந்தோஷப்படுவாள்.

தையற்காரன்

---

மே 26

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுக் காலையில் போன் செய்தேன், மகள்தான் எடுத்தாள். அப்பா நூல் வாங்கப் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையே கிடையாது என்றாள். நான் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி, "அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்று ஆரம்பித்தேன். முடிக்கவிடவில்லை.

"நீங்க வரலன்னுதானேம்மா? எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன லீவு முடிந்து நான் இங்கே திரும்பக் கிளம்பிய அன்று, ஏர்போர்ட்டில் உள்ளே போனதும் என் முகத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாளாம். "வீட்டுக்குப் போற மாதிரி இருந்துச்சும்மா உங்க முகம்" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். கோபம் இல்லையா என்று கேட்டேன். "இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்றாள். ஏழு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியது நேற்றுத்தான்.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வீட்டை ஒழுங்கு பண்ணணும்னு நான் ஒரு தடவைகூடச் சொல்லலம்மா. டிக்கெட் தேதியும் நான் கேட்கல. எல்லாம் அப்பாதான். தினமும் காலைல ஜன்னலைத் துடைக்கிறாரு. அம்மாகூடப் பேசும்போது உம்முன்னு இருக்காதன்னு என்னைத் திட்டுறாரு. அவருக்கு மட்டும்தாம்மா யாரும் சொல்லல. நான் சொன்னா நம்பமாட்டாரு, சாப்பிடவும் மாட்டாரு. நீங்களே சொல்லிடுங்க."

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். இந்த ஜூனும் இல்லை, அடுத்த ஜூனும் இல்லை. நான் அங்கே வந்து இருக்கப்போவதில்லை. இங்கே வேறு யாரும் இல்லை, அப்படி நினைக்காதீர்கள். நீங்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. முதல் இரண்டு வருஷம் அழுதுகொண்டுதான் இருந்தேன். எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒரு நாள் பார்த்தால் எனக்கு இந்த அறை பிடித்திருந்தது, இந்த வேலை பிடித்திருந்தது, தனியாக இருப்பது பிடித்திருந்தது. அதை உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொரு ஜூனாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஜன்னலைப் பற்றி எழுத எழுத எனக்குப் பயமாக இருந்தது. எங்கே வெள்ளையாகிவிடுமோ என்றுகூட நினைத்தேன். என்னைத் திட்டுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், அம்மா சொல்லிவிட்டாள் என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். அவள் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள்.

நான்