இடது கை உயர்ந்ததும்

என் பிரியமுள்ள அண்ணே,

உன் பாடகியைப் பார்த்துவிட்டேன். நரைத்த தலையோடு, பியானோவுக்கு முன்னால், கூப்பிடு தூரத்தில். நேரில் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தது நீ, பார்த்தது நான். இது என்ன நியாயம், சொல்?

அண்ணிதான் இழுத்துக்கொண்டு போனார். நீ போன பிறகு அவர் பெரம்பலூரிலேயே, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டார். "அந்தம்மா சென்னைக்கு வர்றாங்களாம். ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். உங்கண்ணன் இருந்தா வுட்டுருப்பாரா? நீ வந்தே ஆவணும்" என்று போனில் சொன்னார். வரதராஜன்பேட்டையிலிருந்து முதல் நாளே போய் அவரோடு தங்கி, காலையில் சென்னை பஸ் ஏறினோம்.

அந்தம்மா பாடும் ஜாஸ் என்றால் என்னவென்று எனக்கு இன்னமும் விளக்கத் தெரியாது. நீ போனில் அவர் வீடியோவைப் பார்ப்பாய். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இயர்போனில் ஒரு காது மட்டும் கிடைக்கும். எட்டிப் பார்த்தால், "பாக்காத, கேளு" என்று போனைத் திருப்பிக்கொள்வாய்.

ஞாயிறு பூசைப் பாட்டுக்கு நடுவே அந்த ஜாஸ் நெளிவுகளைக் கீபோர்டில் நீ நுழைத்தபோது, பாடகர் குழுவே உன்னை முறைத்தது. ஆனாலும் எல்லோரும் உன் இடது கையைப் பார்த்துத்தான் பாடினோம். பாட்டின் நடுவில் வாசிப்பதை நிறுத்தி அந்தக் கையை மெல்லத் தூக்குவாய். உடனே நான் தனியாக அடுத்த வரியை எடுக்க வேண்டும். பல வருடமாக அப்படித்தான் பழக்கம்.

போன தவக்காலத்தில் உன் அடக்கப் பூசையில் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அதன் பிறகு நான் பாடவே இல்லை, அண்ணே. கல்லறைத் திருநாளுக்காவது பாடு என்று குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கும்போது நான் எதைப் பார்த்துப் பாடுவேன்?

கச்சேரியின் கடைசியில் நம் பாட்டு வந்தது. நீ ஓயாமல் போட்டுக் கேட்ட அதே பாட்டு. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாதிப் பாட்டில் அந்தம்மா வாசிப்பதை நிறுத்தினார். இடது கை மெல்ல மேலே போனது. அப்படியே உன் கை.

நான் பாடிவிட்டேன்! அர்த்தம் பாதி தெரியாத அந்த இங்கிலீஷ் வரியை, பூசையில் எடுப்பதுபோலக் கணீரென்று பாடிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் இருந்தவர் "உஷ்" என்றார். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. அந்தம்மா மட்டும் இருட்டில் என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். கையை இறக்கவில்லை. நான் அந்த வரியை முடிக்கும்வரை காத்திருந்தார்; பிறகுதான் வாசித்தார்.

அப்படியானால் அந்தக் கை அவரிடமிருந்து எடுத்ததா? பார்க்காதே என்று போனைத் திருப்பியது இதற்குத்தானா, களவாணி அண்ணே?

வெளியே வந்து டீ குடித்தோம். அண்ணி கேட்டார்: "கல்லறைத் திருநாளுக்குப் பாடுறியா?"

"கையத் தூக்க ஆள் இல்லியே அண்ணி."

"நான் தூக்குறேன். எப்பத் தூக்கணும்னு மட்டும் சொல்லிக் குடு."

அண்ணியின் தாள ஞானம் உனக்குத் தெரியாததா? சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். நீ இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை, அண்ணே.

கல்லறைத் திருநாளன்று, சாமியார் தீர்த்தம் தெளித்து உன் கல்லறையை மந்திரிக்க வரும்போது நான் பாடுவேன். இது சத்தியம். உன் தலைமாட்டில் அண்ணி நின்றுகொண்டு கையைத் தூக்குவார். அவர் தப்பான இடத்தில் தூக்கினாலும் அங்கேயே எடுத்துப் பாடுவேன்.

இயர்போனில் ஒரு காது மட்டும் கிடைத்த,
உன் தங்கை
செல்வி