பூரன்கோலின் கடைசி அசை

லெய்டன், 3 நவம்பர் 1987

அன்புள்ள ஹெர்டீன்,

நலந்தானே? நம் டச்சு உச்சரிப்பு அகராதிக்கு நீங்கள் அழுத்தக்குறி இட்ட தாள்கள் கிடைத்தன. நான் அசை பிரித்ததில் பிழை இருக்கலாம். எத்தனை முறை சரிபார்த்தும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஆனால் 'பூரன்கோல்' என்பதில் அழுத்தத்தை முதல் அசையில் வைத்திருக்கிறீர்கள். கூட்டுச்சொல்லுக்கு அதுதான் விதி. என்றாலும், அந்தக் கீரையைச் சமைக்கும் எந்த வீட்டிலும் கடைசி அசையைத்தானே அழுத்துகிறோம்? பக்கம் முழுக்க இப்படியே. தொலைபேசியை நீங்கள் எடுப்பதே இல்லை. பதிப்பகத்தார் நெருக்குகிறார்கள். நான் ஏதேனும் தவறாகப் பேசிவிட்டேனா?

தங்கள்
எக்பெர்ட்

ஸ்வோலே, 9 நவம்பர்

எக்பெர்ட்,

வானொலியில் ஆயுள் முழுக்கச் செய்தி வாசித்தவளுக்கு நீ பூரன்கோல் சொல்லித் தருகிறாயா? அசை வெட்டுவது உன் வேலை, அழுத்துவது என் வேலை. தொலைபேசி பழுது. இந்த ஊரில் எல்லாரும் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள். சந்தையில் மீன்காரன், "என்னம்மா, தொண்டை கிழியக் கத்துறேன், காதை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்கிறான். "உன் மீன் அளவுக்காவது வாயைத் திறந்து பேசுடா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஹெர்டீன்

லெய்டன், 14 நவம்பர்

அன்புள்ள ஹெர்டீன்,

இதை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். மீன்காரர் சொன்னது உண்மையா? தாமதம் என்னால்தான் என்று பதிப்பகத்தாரிடம் சொல்லிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

தங்கள்
எக்பெர்ட்

ஸ்வோலே, 18 நவம்பர்

ஆமாம், கேட்கவில்லை. போதுமா? கத்திச் சொல்லிப் பார்க்கிறேன். என் குரலே எனக்கு எட்டவில்லை. எந்த அசை ஓங்குகிறது என்று தெரியாதவள் விதியைத்தானே பிடித்துக்கொள்ள முடியும்? எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி உன்னை யார் கேட்டது? அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. இங்கே வராதே.

ஹெ.

லெய்டன், 19 நவம்பர்

அன்புள்ள ஹெர்டீன்,

பெயரை எடுக்க மாட்டேன். இத்தனை காலத்தில் நாட்குறிப்பைப் புரட்டி நேரம் குறிக்காமல் நான் உங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. இந்தச் சனிக்கிழமை வருகிறேன். உங்களைக் கேட்கவில்லை, சொல்கிறேன். ஒவ்வொரு சொல்லையும், அழுத்தும் அசைக்கு ஓங்கி, மேசையில் தட்டிக் காட்டுகிறேன். உள்ளங்கையை மேசைப் பலகைமேல் வையுங்கள். நான் தப்பாகத் தட்டினால் அது உங்களுக்குத் தெரிந்துவிடும்; வழக்கம்போல் திட்டுங்கள்.

அழைப்புமணியை அடிக்கப்போவதில்லை. நல்லவேளை, நம் ஊர்களில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. நீங்கள் நிமிர்ந்து பார்க்கும்வரை தெருவில் நின்று கையசைத்துக்கொண்டிருப்பேன். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

எக்பெர்ட்