எதுவும் இடாத குழாய்

கீழ்வீட்டுக் கோவாக்காரர்கள் இன்று வினிகர் ஊற்றி ஊறுகாய் போடுகிறார்கள். அந்தப் புளித்த நெடி மாடிப்படி ஏறி வந்து மூக்கில் குத்தியதும் சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நம் சோதனைக்கூடத்தில் நைட்ரைட் பார்க்கும் திரவத்துக்கும் இதே நெடிதான். காமாலையில் நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யுத்த காலத்தில் இருவரும் ஒரே நாளில் அங்கே வேலைக்குச் சேர்ந்தோம். நான் மாட்டுங்காவிலிருந்து நடந்து வருவேன், நீ தாராவி தோல்கிடங்குச் சந்திலிருந்து. உன் அப்பா தோல் பதனிட்டுத்தான் உன்னைக் காலேஜில் படிக்க வைத்தார். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகளில் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது நம் வேலை. கசடில் கொஞ்சம் எடுத்துப் பத்து மடங்கு நீர்க்க வைப்போம். அதை மறுபடி பத்து மடங்கு, மறுபடியும் பத்து. ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து குழாய், அமோனியா உப்புக் கரைசலில் விட்டு, இருட்டு அலமாரியில் நான்கு வாரம். பிறகு அந்தத் திரவத்தில் சில சொட்டு. சிவந்தால் உயிர் இருந்தது. எவ்வளவு நீர்த்தும் சிவக்கிறதோ, அவ்வளவு பெரிய கூட்டம்.

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குழாயில் மட்டும் கசடு எதுவும் இடாமல் வைப்பாய். "இது செவக்காம இருந்தாத்தான்லே மத்தது செவந்ததுக்கு அர்த்தம்" என்பாய்.

அந்த வருஷம் தோல்கிடங்குச் சாக்கடையைப் புதிய தொட்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்குப் பிறகு உன் குழாய்கள் சிவப்பதே அபூர்வமாகிவிட்டது. தொட்டி செத்துக்கொண்டிருந்தது. சுத்தமாகாத நீர் உங்கள் சந்துக்குப் பின்னால் இருந்த உப்பங்கழியில் போய் விழுந்தது. உங்கள் தெருப் பிள்ளைகள் அங்கேதான் நண்டு பிடித்தார்கள். இருந்ததை இருந்தபடி எழுதிக் கொடுத்தாய். ஆனால் நம் மேலதிகாரி, புதிய தொட்டி பிரமாதமாக வேலை செய்கிறது என்று மேலிடத்துக்கு முன்பே எழுதிவிட்டிருந்தார்.

"கையை நீட்டு" என்றார் உன்னிடம். நீ நீட்டினாய். அவர் தொடவில்லை, தள்ளி நின்றே பார்த்தார்.

"தோல்கிடங்கிலேர்ந்து வர்ற கை. அந்த விஷம் குழாயில விழுந்து கிருமி செத்திருக்கு. சுத்தம் இல்லாத கைக்கு இங்க என்ன வேலை?"

"சார், சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான்..."

"நாளையிலேர்ந்து வராதே."

நீ ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாய். உன் குழாய்களை அவர் அன்றே கொட்டச் சொன்னார். கொட்டியவன் நான்.

பிறகு அவரே தம் கையால் சோதனையைத் தொடங்கினார். பழைய அமோனியா உப்பு தீர்ந்துபோய், யுத்தத் தட்டுப்பாட்டில் எங்கிருந்தோ வந்த புது பாட்டிலைத் திறந்தார்கள். கரைசல் தயாரித்த அன்றே சந்தேகப்பட்டு அதில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். பளிச்சென்று சிவந்தது. உப்பிலேயே நைட்ரைட் கலந்திருக்கிறது! எந்தக் குழாயாக இருந்தாலும் சிவக்கும். கசடு இடாத குழாய் ஒன்று வைக்கட்டுமா என்று கேட்டேன். "குழாய்க்கே தட்டுப்பாடு, வீணாக்காதே" என்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதே கரைசலை ஒரு குழாயில் ஊற்றி, அடைத்து, அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன். நான்கு வாரமும் அவருக்குச் சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர் சொட்டு விட விட எல்லாக் குழாயும் சிவந்தது. கோடி கோடியாக உயிர் என்றார். வந்தவர்களில் வயதானவர் தலையசைத்துக்கொண்டிருந்தார். நான் பின்வரிசைக் குழாயை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்து, சொட்டு விட்டேன். சிவந்தது.

"இதில் எந்தத் தொட்டிக் கசடு?" என்று கேட்டார் பெரியவர்.

"எதுவும் இடவில்லை சார்."

நம் மேலதிகாரியின் காது மடல் வரைக்கும் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். உன் பழைய கணக்குத் தாள்களையும் பெரியவர் கையில் கொடுத்தேன். அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள், அவரை எங்கோ மூலைக்கு மாற்றினார்கள். சாக்கடையையும் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அன்று மாலை உன்னைத் தேடி ஓடிவந்தேன். முழங்கால் வரை சுண்ணாம்பு அப்பியிருக்க, தோல் இழுத்துக்கொண்டிருந்தாய். முழுக்கக் கேட்டுவிட்டு, "காது செவந்துச்சா? இன்னொரு மட்டம் சொல்லுலே" என்றாய். மூன்று முறை சொல்ல வைத்தாய். மூன்று முறையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வேலை மட்டும் உனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு ஆள் போட்டாயிற்று என்றார்கள்.

போன வாரம் கிங்ஸ் சர்க்கிளில் நம் பழைய மேலதிகாரியைப் பார்த்தேன். ரிட்டையர் ஆகி, கைத்தடியோடு இருக்கிறார். நீ இறந்த செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. "அந்தப் பையனோட கணக்கு சரின்னு எனக்கு அப்பவே தெரியும்ப்பா. மனசு உறுத்தறது" என்றார்.

"என்கிட்ட சொல்லி என்ன? அவன் சம்சாரம் இங்கேதான் இருக்கா. வந்து அவகிட்ட சொல்லுங்கோ" என்று கூடவே கூட்டிக்கொண்டு நடந்தேன். உங்கள் சந்து முனை வரை வந்தார். தோல் வாடை வந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னொரு நாள் பாக்கலாமே" என்றார்.

"அந்த உறுத்தலோடயே போய்ச் சேருங்கோ" என்றேன். வாய் தவறி வந்ததல்ல, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒரு வயசாளியிடம் அப்படிப் பேசலாமா என்று என் மனைவி கேட்கிறாள். மறுபடி பார்த்தாலும் அதையேதான் சொல்வேன்.

அவரை மன்னிக்காமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் நீ கையை நீட்டிக்கொண்டு நின்ற அந்த அறையில் நானும் இருந்தேன். உன் கணக்கை நானும் சரிபார்த்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் எத்தனை வருஷம் பழகினோம், எத்தனை டீ குடித்தோம். "நீ ஏம்லே அன்னைக்கு வாயத் தொறக்கல?" என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பாய் கேட்பாய் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். இப்போது அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?