சகோதர ஊரிலிருந்து ஓர் இரங்கல்

பதினோரு வருடமாக வீடு திரும்பாத கணவருக்கு,

நம் பிரெஞ்சு ஊரும், நீங்கள் அந்த ஹில்ட்ரூட் என்கிறவளோடு குடியேறிய ஜெர்மானிய ஊரும் இரண்டு போர்களில் ஒன்றன் பிள்ளைகளை மற்றொன்று கொன்றவை. அந்தப் பாவம் தீரத்தான் சகோதர ஊர்கள் ஆனோம். இங்கே யார் இறந்தாலும் அங்கிருந்து இரங்கல் கடிதம் வரும். அந்த ஊர் நகராட்சியில் அதை எழுதி அனுப்பும் வேலை இப்போது உங்களுடையது.

உங்கள் அம்மா சொலாஞ்ச் தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடுவார். "அந்த ஊர்ல பேனாவே விக்கிறதில்லையாடி? ஒரு வரி எழுத மாட்டானா?" என்று என்மீது எரிந்துவிழுவார்.

மார்ச்சில் போய்விட்டார். உங்களுக்கு நான் தனியாக எழுதவில்லை. நகராட்சியில் என் வேலைப்படி அந்த மாத இறப்புப் பட்டியலை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர் பெயர் நான்காவது. பார்த்ததும் ஓடிவருவீர்கள் என்று, வெட்கம்கெட்டு, உங்கள் அறையைப் பெருக்கிவைத்தேன்.

கடிதம்தான் வந்தது. "திருமதி சொலாஞ்சை நாங்கள் அறிந்ததில்லை. ஆயினும் உங்கள் துயரில் பங்குகொள்கிறோம்." கீழே உங்கள் கையெழுத்து. மேயர் படித்துவிட்டு, "பெத்தவளையே தெரியாதுன்னுட்டானே, பாவி!" என்றார்.

அதனால் ஏப்ரல் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்தேன். நேற்று எனக்கும் இரங்கல் வந்துவிட்டது, அதே கையெழுத்தோடு.

இனி நீங்கள் வரவேண்டாம். கறுப்பு உடை எனக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இப்படிக்கு,
உங்கள் விதவை