காற்றுக்கு மாலை மரியாதை

5.2.1976
காரிமங்கலம். ஊர் ஊராகப் போய்க் காற்றில் பிரியான் எவ்வளவு என்று அளக்கிறோம். குளிர்பெட்டியில் இருக்கும் வாயு அது. லட்சம் கோடியில் நூறு பங்குதான் காற்றில் இருக்கும். உள்ளே காற்றுகூட இல்லாத எவர்சில்வர் குடுவையின் குழாயைத் திறந்தால் ஊர்க்காற்று ஏறிவிடும். அவ்வளவுதான் வேலை. எங்கள் புரொபசர் நஞ்சப்பன் வந்தால் மட்டும் அது திறப்பு விழா. பந்தல், மைக்செட், மாலை! "ஐயா கையாலயே தொறந்து வெய்ங்க" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் பச்சியப்பன். ஐயா ஜீப்பிலேயே அமெரிக்க செண்டை உஸ் உஸ்ஸென்று அடித்துக்கொண்டு இறங்கினார். திறந்தார்.

"இசபெல்லா, குடுவையப் பிடிம்மா" என்றார் என்னிடம். எம்.எஸ்ஸி. படித்தது இதற்குத்தான்.

12.2
நல்லம்பள்ளி. புரொபசருக்கு வயிறு சரியில்லை, நான் மட்டும் போனேன். ஒரு மாடு வேடிக்கை பார்த்தது.

3.3
பெங்களூர் லேப். அவர் திறந்த ஊரெல்லாம் அளவு எகிறுகிறது. நான் தனியாகப் போன ஊரெல்லாம் அடங்கிக் கிடக்கிறது. "உனக்குக் குடுவை திறக்கவே தெரியல" என்கிறார். காரிமங்கலம் முழுக்கத் தேடினாலும் ஒரு குளிர்பெட்டி தேறாதே, பிரியான் எங்கிருந்து வரும்?

4.3
செண்டு! ஜீப்பில் கிடந்த டப்பாவைப் படித்தேன். அதைப் பீய்ச்சியடிப்பதே பிரியான்தான். லேப்பில் ஒரு அமுக்கு அமுக்கி, அந்தக் காற்றைக் கருவியில் விட்டேன். அளவைக் கோடாக வரையும் பேனா தாளை விட்டே ஓடிவிட்டது.

சொல்லவா? என் பிஎச்.டி. விண்ணப்பத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

6.3
சொன்னேன். "என் செண்டு மேல உனக்கென்ன பொறாமை?" டிரைவர் மாது சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

20.3
கருத்தரங்கு. கிராமத்துக் காற்று நகரத்தைவிடக் கெட்டுவிட்டதாக முழங்கினார். ஸ்ப்ரே ஏதாவது கலந்திருக்குமோ என்று ஒருவர் கேட்டார். இவர் கூசாமல், "என் அசிஸ்டென்ட் லேடி. செண்டு போடுவாங்க" என்றார். சபையே சிரித்தது.

அட பாவி! நான் தடவுறது வூட்டுத் தேங்கா எண்ணெய்தானய்யா! எழுந்தேன். "நான் தனியா போன ஊர்லதாங்க அளவு கம்மி." மறுபடி சிரித்தார்கள். இந்தமுறை என்னைப் பார்த்து அல்ல.

2.4
கையெழுத்துப் போட மாட்டாராம். ராத்திரியெல்லாம் அழுதேன். ஏன் எழுந்தேன்? எழாமல் எப்படி இருப்பது?

10.5
லேப் டைரக்டர் உத்தரவு: எல்லா ஊரிலும் திரும்பக் காற்று எடுக்க வேண்டும், புரொபசர் கூடப் போகக் கூடாது. ஜீப் அவருக்கு. எனக்கும் குடுவைகளுக்கும் டவுன் பஸ்.

28.6
எல்லா ஊரும் ஏறக்குறைய அதே கம்மி அளவு. தாள்களைப் புரட்டிப் பார்த்த வேதியியல் துறை ராஜமேரி மேடம், தானே எனக்கு கைடாக இருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வாட்டி நானும் வரட்டுமா?"

"வாங்க மேடம். பவுடர்கூடப் போடாம வாங்க."