இழுக்காத காந்தம்

ஒக்டோபர், செவ்வாய்.

பள்ளிக்கூடத்து மின்காந்தத்தை வீட்டில் இயக்கிப் பார்க்கலாம் என்று நான் எடுத்து வந்திருக்கவே கூடாது.

சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பையிலிருந்து கம்பி சுற்றிய இரும்புத் துண்டும் பற்றரியும் வெளியே வந்தன. என்ன இது என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். காந்தம், வகுப்புக்கு என்றேன். அவன் தன் சாவியை அதில் ஒட்டிப் பார்த்தான். சாவி கீழே விழுந்தது.

"பொய்யா சொல்ற? இழுக்கவே இல்லையே!"

மெல்லிரும்பு அப்படித்தான். மின்சாரம் ஓடும்போதுதான் அது காந்தம். நின்றதும் உள்ளே இருக்கும் நுண்காந்தங்கள் ஆளுக்கொரு திசையில் திரும்பிவிட, வெறும் இரும்பாகிவிடும். இதைச் சொல்ல என் சிங்களம் போதவில்லை. பற்றரியில் தொட்டுக் காட்டலாம் என்று கம்பியைப் பிடித்தேன். துப்பாக்கி உயர்ந்தது.

"டீச்சர், அதத் தொடாதீங்க! நான் பேசுறேன்" என்றார், மடவளை ஊரில் கடை வைத்திருக்கும், தினமும் அதே பஸ்ஸில் வரும் கடைக்காரர். அவர் கெஞ்சியும் சிரித்தும் பேசிய பிறகு, எல்லோரையும் தள்ளி நிற்கவைத்து என்னிடம் கம்பியைப் பற்றரியில் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். சாவி ஒட்டிக்கொண்டது.

கடைக்காரர் கைதட்டினார். சிப்பாய் சிரிக்கவில்லை.

"கம்பியும் பற்றரியும் வச்சு வேற என்னென்ன செய்யத் தெரியும் உனக்கு?"

என் அடையாள அட்டையை அவனே வைத்துக்கொண்டான். நாளை பள்ளிக்கூட அதிபரோடு வந்தால்தான் தருவானாம்.

அப்பாவிடம் சொல்லவில்லை. மகள் பட்டதாரி என்று தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிகிறவர். அதிபரோ ஆமிக்காரனைக் கண்டாலே வேர்த்துப்போகிறவர். அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், அட்டை இல்லாமல் அந்தச் சாவடியைத் தாண்டி நான் எப்படிப் பள்ளிக்கூடம் போவேன்?